ஊறவைத்த தானியமும் தண்ணீரின் அளவும்: எக்ஸ்ட்ராக்ட் பியரில் துவர்ப்பு போன கதை

மால்ட் எக்ஸ்ட்ராக்டுடன் சிறப்பு மால்ட்டுகளை (மால்ட் என்பது முளைகட்டி உலர்த்திய பார்லி போன்ற தானியம்) ஊறவைத்துக் காய்ச்சிய ஆம்பர் ஏல் என்ற செம்பழுப்புப் பியர் இம்முறை துவர்ப்பு இல்லாமல் வந்திருக்கிறது. வாயில் வைத்தவுடன் கேரமல் இனிப்பு தெரிகிறது. அடுத்து, பியருக்குக் கசப்பும் மணமும் தரும் ஹாப்ஸ் பூவின் கசப்பு வந்து, தெளிவாக முடிந்துவிடுகிறது. விழுங்கிய பிறகும் நாக்கின் ஓரங்களையும் ஈறுகளையும் இழுத்துப் பிடிக்கும் அந்த வறட்சி இல்லை. இதற்கு முன் காய்ச்சியவற்றில் தெர்மாமீட்டரை விட்டுக் கண்ணெடுக்காமல் வெப்பநிலையைக் காத்தபோதும், அளவுக்கு மீறிக் கொதித்த தேநீரைப் போல ஒரு துவர்ப்பு அடியில் தங்கியே இருந்தது. அதற்குக் காரணம் வெப்பநிலை அல்ல, தானியத்தை ஊறவைத்த தண்ணீரின் அளவுதான் என்று கண்டுபிடித்த வழியையும், அதன்படி மாற்றி அமைத்த செய்முறையையும் இங்கே படிப்படியாக எழுதுகிறேன்.

எக்ஸ்ட்ராக்ட் என்பது ஏற்கெனவே மாஷ் செய்து (மால்ட்டை வெந்நீரில் பிடித்து வைத்து மாவுச்சத்தைச் சர்க்கரையாக்கி) வடித்த வோர்ட் என்ற இனிப்புச் சாற்றிலிருந்து தண்ணீரை நீக்கிய பாகு அல்லது பொடி. பார்லியின் மாவுச்சத்தைச் சர்க்கரையாக மாற்றும் வேலையை ஆலையிலேயே முடித்துக் கொடுத்துவிடுகிறார்கள் என்பதால் வீட்டில் ஒரு பாத்திரமும் ஓர் அடுப்பும் போதும். ஆனால் எக்ஸ்ட்ராக்டை மட்டும் வைத்துக் காய்ச்சினால் எல்லாப் பியரும் ஏறத்தாழ ஒரே முகத்தோடு வருகின்றன. அரைக் கிலோவுக்கும் குறைவான சிறப்பு மால்ட்டை அரை மணி நேரம் வெந்நீரில் ஊறவைத்து, அந்தச் சாற்றைச் சேர்த்துவிட்டால் நிறமும் மணமும் அடர்வும் உடனே வேறாகிவிடுகின்றன. எக்ஸ்ட்ராக்ட் முறையில் இவ்வளவு சிறிய உழைப்புக்கு இவ்வளவு பெரிய பலன் தரும் வேலை வேறொன்றும் இல்லை என்பது என் உறுதியான எண்ணம்.

எந்தத் தானியத்தை ஊறவைக்கலாம், எதை ஊறவைக்கக் கூடாது என்பதைச் சொல்லித் தெரிந்துகொள்வதைவிட வெட்டிப் பார்த்துத் தெரிந்துகொள்வது எளிது. ஒரு கிரிஸ்டல் மால்ட் மணியையும் பியரின் சர்க்கரைக்கு அடிப்படையான சாதாரண பேஸ் மால்ட் மணி ஒன்றையும் பிளேடால் குறுக்கே வெட்டி வெள்ளைத் தட்டில் அருகருகே வைத்தேன். பேஸ் மால்ட்டின் உட்புறம் சுண்ணாம்பு போல வெளுத்து, விரலால் தேய்த்தால் மாவாக உதிர்ந்தது. கிரிஸ்டல் மணி பிளேடுக்கு எளிதில் வழிவிடவில்லை. சட்டென்று உடைந்தபோது உள்ளே பழுப்பு நிறத்தில் கண்ணாடித் துண்டைப் போல மின்னியது. முளைகட்டிய ஈரமான பார்லியை உலர்த்துவதற்கு முன்பே, 65 முதல் 70 டிகிரி செல்சியஸ் அளவில் ஈரப்பதம் போகாமல் புழுக்குவதால், மணியின் உமிக்குள்ளேயே மாவுச்சத்து சர்க்கரையாக மாறிவிடுகிறது. பிறகு அதிக வெப்பத்தில் வறுக்கும்போது அந்தச் சர்க்கரை இறுகிக் கேரமலாகிறது. ஆகவே கிரிஸ்டல் மால்ட்டுக்கு மாஷ் தேவையில்லை. வெந்நீரில் கரைத்து எடுத்தாலே போதும்.

சாக்லேட் மால்ட், கறுப்பு மால்ட், வறுத்த பார்லி ஆகியவையும் ஊறவைப்பதற்கு ஏற்றவைதான், ஆனால் அதற்குக் காரணம் வேறு. கடும் வறுவலில் அவற்றின் மாவுச்சத்தின் பெரும்பகுதி சிதைந்து நிறமும் மணமுமாக மாறிவிடுவதால், நமக்கு அவற்றிடமிருந்து வேண்டியது சர்க்கரையே அல்ல. 1817ஆம் ஆண்டு இங்கிலாந்தில் டேனியல் வீலர் சுழலும் உருளையில் மால்ட்டை வறுக்கும் முறைக்குக் காப்புரிமை பெற்றதிலிருந்து, ஒரு சிறு கைப்பிடி கறுப்பு மால்ட்டைக் கொண்டே பியருக்கு இருண்ட நிறம் கொடுக்க முடிந்திருக்கிறது. வீட்டில் ஐம்பது கிராமை எடைபோட்டுப் பையில் போடும்போது நாம் பயன்படுத்துவதும் அதே சிக்கனத்தைத்தான்.

அவல் வடிவில் வரும் ஓட்ஸ், கோதுமை, மியூனிக், வியன்னா, பிஸ்கட் மால்ட் இவை வேறு வகை. இவற்றின் மாவுச்சத்து மாவுச்சத்தாகவே இருக்கிறது. முன்பு ஸ்டவுட் என்ற ஒரு கறுப்புப் பியருக்கு 250 கிராம் ஓட்ஸை கிரிஸ்டலோடு சேர்த்து ஊறவைத்ததில் வந்த சாறு வழவழப்பாக, பால் கலந்தது போல இருந்தது. அதில் ஒரு கரண்டியை எடுத்து வெள்ளைத் தட்டில் ஊற்றி, முழுவதும் ஆறிய பிறகு மருந்துக்கடை அயோடின் கரைசலில் ஒரு சொட்டை விட்டபோது, சொட்டு விழுந்த இடத்திலிருந்து ஓரங்களை நோக்கி நீலம் கலந்த கறுப்பு படர்ந்தது. அதே தட்டின் மறுமூலையில் கிரிஸ்டல் மட்டும் ஊறிய சாற்றில் விட்ட சொட்டு தன் செம்பழுப்பிலேயே நின்றது. மாறாத மாவுச்சத்து பியரில் கலங்கலாகத் தங்குவதோடு, ஈஸ்ட் தின்ன முடியாத அந்த மாவை வேறு நுண்ணுயிர்கள் தின்ன இடம் கொடுக்கும். ஓட்ஸ் வேண்டுமென்றால் அதற்குச் சம எடையோ அதற்கு மேலோ பேஸ் மால்ட்டைச் சேர்த்து, 66 டிகிரியில் முக்கால் மணி நேரத்திலிருந்து ஒரு மணி நேரம் வரை பிடித்து வைத்துச் சிறிய மாஷாகவே செய்ய வேண்டும். பேஸ் மால்ட்டில் உள்ள நொதிகள் ஓட்ஸின் மாவையும் சேர்த்து மாற்றிவிடும். அயோடின் சோதனையைச் சூடான சாற்றில் செய்தால் நிறம் தோன்றாது என்பதையும், உமித்துணுக்குகள் விழுந்திருந்தால் அவை தாமாகவே கறுத்து ஏமாற்றும் என்பதையும், சோதித்த சாற்றைத் திரும்பப் பாத்திரத்தில் ஊற்றாமல் கொட்டிவிட வேண்டும் என்பதையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

இனி துவர்ப்புக்கு வருகிறேன். உமியில் உள்ள டானின்தான் துவர்ப்பின் மூலம் என்பதும், 77 டிகிரிக்கு மேல் போனால் அது அதிகமாக இறங்கும் என்பதும் எல்லோரும் சொல்லிக் கேட்டதுதான். பழைய செய்முறைகளில் தானியத்தைக் குளிர்ந்த நீரில் போட்டு, கொதி வரும்போது எடுத்துவிடும்படி எழுதியிருப்பார்கள். அப்படிச் செய்ததில் வந்த துவர்ப்புக்கு விளக்கம் தேவையில்லை. ஆனால் 68 டிகிரியைத் தாண்டாமல் பிடித்தபோதும் துவர்ப்பு போகவில்லை என்பதால் முதலில் தெர்மாமீட்டரைச் சந்தேகித்தேன். நொறுக்கிய பனிக்கட்டியும் சிறிது தண்ணீரும் கலந்த குவளையில் வைத்தபோது அது பூஜ்யத்துக்கு அரை டிகிரி மேலே காட்டியது. அந்த அரை டிகிரி யாரையும் துவர்க்கச் செய்யாது.

அடுத்து அரைப்பைச் சந்தேகித்தேன். மிக்ஸியில் ஓட்டிய தானியத்தில் உமி தூள்தூளாகி, பையின் கண்களைத் தாண்டி வோர்ட்டுக்குள் வந்துவிடுகிறது. வடிகட்டியபின் அடியில் பழுப்பு மாவாகப் படிவது அதுதான். கொதிக்கும்போதும் அந்த உமித்தூள் உள்ளேயே கிடக்கிறது. அதனால் தடித்த ஜிப் பையில் கால் கிலோவுக்கும் குறைவாகப் பரப்பி, காற்றை வெளியேற்றி மூடி, சப்பாத்திக் கட்டையால் உடல் எடையைக் கொடுத்து உருட்டுவதற்கு மாறினேன். ஒவ்வொரு மணியும் இரண்டு மூன்று துண்டாக உடைந்து, உமி பெரும்பாலும் முழுதாக இருக்க வேண்டும். உடையாத மணி நூற்றுக்கு நாலைந்து இருந்தால் பாதகமில்லை. கிரிஸ்டல் மணிகள் கடினமானவை என்பதால் கை வலிக்கும். உருளை ஆலை இருப்பவர்கள் இடைவெளியை ஒரு மில்லிமீட்டரை ஒட்டி வைத்தால் இதே பதம் கிடைக்கும். இந்த மாற்றத்தால் கலங்கல் நன்றாகக் குறைந்தது, துவர்ப்பு ஓரளவே குறைந்தது.

மிச்சமிருந்தது தண்ணீர். அதுவரை பின்பற்றிய முறையில், காய்ச்சும் பாத்திரத்தில் 11 லிட்டர் தண்ணீரை முழுவதுமாக ஊற்றிச் சூடாக்கி, அதிலேயே 450 கிராம் தானியத்தைப் பையோடு போட்டு ஊறவைப்பது வழக்கம். ஒரே பாத்திரம், ஒரே அடுப்பு என்பதால் வசதியாக இருந்தது. கணக்குப் பார்த்தால் ஒரு கிலோ தானியத்துக்கு 24 லிட்டருக்கு மேல் தண்ணீர். மாஷ் செய்பவர்கள் கிலோவுக்கு மூன்று லிட்டர் அளவில் வைத்துக்கொள்வதை நினைத்துப் பார்த்தபோதுதான் இந்த வேறுபாடு எவ்வளவு பெரியது என்று உறைத்தது. கூடவே, குழாய் நீரின் காரத்தன்மையை மீன் தொட்டிக்கு விற்கும் சொட்டுச் சோதனைப் பெட்டியால் அளந்ததில் 11 டிகிரி கேஎச் காட்டியது. கால்சியம் கார்பனேட் கணக்கில் லிட்டருக்கு ஏறத்தாழ 200 மில்லிகிராம். தானியத்தில் இருக்கும் சிறிதளவு அமிலம் அத்தனை லிட்டர் காரநீரை எதிர்த்து நிற்க முடியாது; பிஎச் (அமிலமா காரமா என்பதைக் காட்டும் எண்) உயர உயர, உமியின் டானினும் அதிகமாக இறங்கும்.

இதை உறுதிப்படுத்திக்கொள்ள நான்கு கண்ணாடிச் சாடிகளில் ஒரு சிறு சோதனை செய்தேன். ஒவ்வொன்றிலும் ஒரே அரைப்பில் உடைத்த 40 கிராம் கிரிஸ்டல் 60 மால்ட் (எண் அதன் நிறத்தின் அடர்வைக் குறிக்கும்). முதல் சாடியில் 220 மில்லி குழாய் நீர், இரண்டாவதில் ஒரு லிட்டர் குழாய் நீர், மூன்றாவதில் ஒரு லிட்டர் குழாய் நீரில் 80 கிராம் உலர் எக்ஸ்ட்ராக்டைக் கரைத்தது, நான்காவதில் ஒரு லிட்டர் ஆர்ஓ (உப்புகள் நீக்கிய) நீர். நான்கையும் ஒரு பெரிய பாத்திரத்தில் 68 டிகிரி வெந்நீருக்குள் நிறுத்தி அரை மணி நேரம் வைத்து, வடித்து, அறை வெப்பநிலைக்கு ஆறவைத்த பிறகு பிஎச் மீட்டரால் அளந்தேன். மீட்டரை அதற்கு முன் 4.01, 7.00 என்ற இரு கரைசல்களிலும் சரிபார்த்துக்கொண்டேன். இதைச் செய்யாத அளவுக்கு மதிப்பில்லை. முதல் சாடி 5.4, இரண்டாவது 6.4, மூன்றாவது 5.7, நான்காவது 5.3.

சுவைத்துப் பார்க்க முதல் சாடியின் சாற்றில் கொதித்தாறிய ஆர்ஓ நீரை ஊற்றி ஒரு லிட்டராக்கினேன், அடர்த்தி ஒத்துப்போக வேண்டும் என்பதற்காக. இரண்டாவது சாடியின் சாற்றை முதல் மிடறிலேயே அடையாளம் காண முடிந்தது. இனிப்பு மங்கி, நாக்கு வறண்டு, பற்களின் மேல் ஒரு சொரசொரப்புப் படிந்தது. முதலாவதும் நான்காவதும் கிட்டத்தட்ட ஒரே சுவை: உருண்டையான கேரமல் இனிப்பு, சுத்தமான முடிவு. மூன்றாவதில் எக்ஸ்ட்ராக்டின் இனிப்பு எல்லாவற்றையும் மூடியதால் ஒப்பிடுவது கடினமாக இருந்தது, ஆனாலும் அந்த வறட்சி இல்லை. வெப்பநிலையும் நேரமும் தானியமும் ஒன்றே. மாறியது தண்ணீர் மட்டும்தான்.

நான்காவது சாடி சொல்வதையும் கவனிக்க வேண்டும். தண்ணீர் அதிகமாக இருப்பது மட்டுமே குற்றமல்ல. அதிகமான தண்ணீரோடு அதன் காரத்தன்மையும் சேர்ந்து பிஎச்சை ஆறுக்கு மேல் தூக்கிவிடுவதே குற்றம். காரத்தன்மை குறைந்த நீர் உள்ளவர்கள் முழுப் பாத்திரத்திலும் ஊறவைத்து, துவர்ப்பே இல்லாமல் நல்ல பியர் செய்துவிடுவார்கள். அதே செய்முறையைக் காரத்தன்மை மிகுந்த நீரில் பின்பற்றுபவர்தான் தன் தெர்மாமீட்டரைக் குறை சொல்லிக்கொண்டிருப்பார். தண்ணீரைக் குறைப்பது எந்த நீருக்கும் பொருந்தும் என்பதாலும் அதற்குச் செலவே இல்லை என்பதாலும் நான் அந்த வழியைத் தேர்ந்தெடுத்தேன்.

இம்முறை காய்ச்சியது 19 லிட்டர். வெளிர் நிற உலர் எக்ஸ்ட்ராக்ட் 2.4 கிலோ, கிரிஸ்டல் 60 மால்ட் 300 கிராம், கிரிஸ்டல் 120 மால்ட் 100 கிராம், சாக்லேட் மால்ட் 50 கிராம், கசப்பு தரும் ஆல்ஃபா அமிலம் 5.8 சதவீதமுள்ள காஸ்கேட் ஹாப்ஸ் 60 கிராம், உலர் ஏல் ஈஸ்ட் 11.5 கிராம் பொட்டலம் ஒன்று. எக்ஸ்ட்ராக்டில் மிக வெளிர் வகையையே வாங்க வேண்டும் என்பதை வலியுறுத்துவேன். ஆம்பர், டார்க் என்று விற்கப்படும் எக்ஸ்ட்ராக்டுகளில் கிரிஸ்டலும் வறுத்த மால்ட்டும் ஏற்கெனவே கலந்திருக்கும். எவ்வளவு என்று உறையில் இருக்காது. அதன் மேல் நாமும் ஊறவைத்தால் திகட்டும் இனிப்பில் போய் முடியும். பாகு வடிவ எக்ஸ்ட்ராக்ட் நாள்படக் கறுத்து ஒரு பழஞ்சுவை ஏறிவிடுவதால் உலர் பொடியையே விரும்புகிறேன். ஆனால் பொடி ஈரத்தை உறிஞ்சிப் பாறையாகிவிடும், உறையைப் பிரித்தால் அன்றே தீர்த்துவிட வேண்டும்.

ஊறவைக்க நான்கு லிட்டர் பிடிக்கும் மூடியுள்ள தனிப் பாத்திரம். அதில் குழாய் நீர் 2.5 லிட்டர், அதாவது கிலோவுக்கு ஐந்தரை லிட்டர். குளோரின் நாற்றம் பியரில் மருந்து வாடையாக மாறும் என்பதால் அன்றைய தண்ணீர் முழுவதற்கும் ஒரு சிறு சிட்டிகை பொட்டாசியம் மெட்டாபைசல்பைட் போட்டிருந்தேன். தண்ணீரை 71 டிகிரிக்குக் கொண்டுவந்து அடுப்பை அணைத்து, பையை இறக்கி, கரண்டியால் நாலு முறை அழுத்தித் தூக்கி உள்ளே உலர்ந்த கட்டி இல்லை என்று உறுதி செய்தபோது வெப்பநிலை 68இல் நின்றது. குளிர்ந்த தானியம் மூன்று டிகிரியை விழுங்கும் என்பதை முன்கூட்டியே சேர்த்துக்கொண்டால் பிறகு அடுப்பை மூட்டி அணைத்து அல்லாட வேண்டியதில்லை. மூடி, தடித்த துண்டைச் சுற்றி வைத்தேன். அரை மணி நேரம் கழித்துப் பார்த்தபோது 65.

பையைப் பற்றி ஒரு சொல். மெல்லிய நைலான் பை, தானியத்தின் கொள்ளளவைப்போல் மூன்று மடங்காவது இருக்க வேண்டும். இறுக்கிக் கட்டிய சிறு பையில் தானியம் ஊதிப் பந்தாகி, நடுவில் இருப்பது நனைந்தும் கரையாமல் கிடக்கும். ஊறும்போது அடுப்பு எரியும் முறையானால் பாத்திரத்தின் அடியில் ஒரு சிறு தட்டைக் கவிழ்த்துப் போட்டு அதன் மேல் பை இருக்கும்படி வைக்க வேண்டும்; இல்லையென்றால் நைலான் அடியில் ஒட்டி உருகும்.

அரை மணி முடிந்ததும் பையைத் தூக்கி ஒரு சல்லடையில் வைத்து, 70 டிகிரியில் தனியே வைத்திருந்த ஒரு லிட்டர் நீரை மெதுவாக மேலே ஊற்றிக் கழுவினேன். முதலில் தேன் நிறத்தில் வடிந்தது. கடைசியில் வைக்கோல் நிறத்துக்கு வந்தபோது நிறுத்தினேன். தானியம் தன் எடைக்கு ஏறத்தாழச் சமமான நீரைத் தன்னிடம் வைத்துக்கொள்வதால், ஊற்றிய மூன்றரை லிட்டரில் கைக்குக் கிடைத்தது மூன்று லிட்டர். பையைப் பிழியலாமா கூடாதா என்பது ஓயாத வாதம். பிஎச்சும் வெப்பமும் சரியாக இருந்தால் பிழிவதால் மட்டும் டானின் இறங்கிவிடாது என்பதே என் அனுபவம். ஆனாலும் முறுக்கிப் பிழியும்போது மாவு வெளியே வருவதால், கரண்டியின் பின்புறத்தால் மெல்ல அழுத்துவதோடு நிறுத்திக்கொள்கிறேன்.

ஆறவைத்த சாற்றில், கரைந்த சர்க்கரையை அடர்த்தியாகக் காட்டும் ஹைட்ரோமீட்டர் 1.021 காட்டியது (தண்ணீர் 1.000; அதற்கு மேல் ஆயிரத்தில் ஒரு பங்கு ஒரு புள்ளி). மூன்று லிட்டரில் 21 புள்ளி என்றால், 19 லிட்டராகப் பரப்பும்போது மூன்றேகால் புள்ளிதான். இந்தக் கணக்கு முக்கியமானது. ஊறவைக்கும் தானியம் மதுச்சத்துக்கு அல்ல. சர்க்கரை கிட்டத்தட்ட முழுவதும் எக்ஸ்ட்ராக்டிலிருந்தே வருகிறது. சாறு போதவில்லையே என்று தானியத்தை இரட்டிப்பாக்கினால் கிடைப்பது வலிமை அல்ல, ஈஸ்ட் தின்ன முடியாத இனிப்பு.

கொதிக்கவைத்த பகுதியை விரைவாகச் சொல்லிவிடுகிறேன். ஊறிக்கொண்டிருந்த நேரத்திலேயே பெரிய பாத்திரத்தில் 9 லிட்டர் நீர் சூடாகிக்கொண்டிருந்தது. அதில் சாற்றை ஊற்றி, அடுப்பை அணைத்துவிட்டு எக்ஸ்ட்ராக்டில் பாதியைக் கரைத்தேன்; எரியும் அடுப்பில் போட்டால் அடியில் படிந்து கருகும். ஆவிக்கு மேலே பொட்டலத்தைச் சாய்த்தால் பொடி காற்றிலேயே பிசினாகிவிடும் என்பதால், உலர்ந்த கிண்ணத்தில் அளந்து வைத்து ஒரே வீச்சில் கொட்டிக் கலக்குவது நல்லது. கொதி வரும் முதல் சில நிமிடங்கள் நுரை பொங்கும். பக்கத்திலேயே நின்று தீயைக் குறைக்க வேண்டும். நுரை அடங்கியதும் ஹாப்ஸ் 40 கிராம், ஒரு மணி நேரம். மீதி எக்ஸ்ட்ராக்டைக் கடைசி கால் மணியில்தான் சேர்த்தேன். முழுவதையும் முதலிலேயே 12 லிட்டரில் போட்டுக் கொதிக்கவிட்டால் நிறம் தேவைக்கு மேல் கறுப்பதோடு ஹாப்ஸின் கசப்பும் சரியாக இறங்காது. அடுப்பை அணைத்ததும் மீதி 20 கிராம் ஹாப்ஸ்.

பாத்திரத்தைப் பனிநீரில் இருத்தி 20 டிகிரிக்கு ஆறவைத்து, கிருமிநீக்கம் செய்த நொதிகலத்துக்கு மாற்றி, முதல் நாளே கொதிக்கவைத்துக் குளிர்வித்த நீரால் 19 லிட்டராக்கினேன். இங்கே ஹைட்ரோமீட்டர் முதலில் 1.058 காட்டியது. கனமான வோர்ட் அடியிலும் நீர் மேலேயுமாகப் பிரிந்து நிற்கும்போது குழாயின் வழியாக அடியிலிருந்து எடுத்த மாதிரி அது. நீண்ட கரண்டியால் ஐந்து நிமிடம் நுரை எழ அடித்துக் கலக்கிய பிறகு 1.049. கணக்கின்படியும் அதுதான் வர வேண்டும். எக்ஸ்ட்ராக்டின் சர்க்கரை அளவு மாறாதது என்பதால், எக்ஸ்ட்ராக்ட் பியரில் தொடக்க அடர்த்தி கணக்குக்கு வெகுவாக விலகித் தெரிந்தால் பெரும்பாலும் சரியாகக் கலக்கவில்லை என்றே பொருள்.

ஈஸ்ட் போட்டு 18 முதல் 19 டிகிரிக்குள் இரண்டு வாரம் வைத்ததில் 1.013இல் வந்து நின்றது. மதுச்சத்து ஏறத்தாழ 4.7 சதவீதம். இரண்டு நாள் இடைவெளியில் எடுத்த இரு அளவுகளும் ஒன்றாக இருந்த பிறகே புட்டியில் அடைத்தேன். லிட்டருக்கு 6 கிராம் சர்க்கரை.

செலவைப் பொறுத்தவரை, மொத்தத்தில் பெரிய பங்கு எக்ஸ்ட்ராக்டுக்குப் போகிறது, அடுத்தது ஹாப்ஸ். ஊறவைக்கும் தானியம் எல்லாவற்றிலும் சிறியது. ஆகையால் தானியத்தில் பழையதை வாங்கி மிச்சம் பிடிப்பதில் அர்த்தமில்லை. அரைத்து விற்கப்படும் தானியம் மலிவாகத் தோன்றினாலும் நாளடைவில் மணம் போய்விடும். முழு மணியாக வாங்கிக் காற்றுப்புகாத டப்பாவில் வைத்து அன்றைக்கு உடைப்பதே நல்லது. கருவிகளில் தெர்மாமீட்டர், ஹைட்ரோமீட்டர், கிராம் தராசு மூன்றும் கட்டாயம். பிஎச் மீட்டர் விலை கூடியது, அதன் முனையை ஈரமாக வைத்துப் பராமரிக்கவும் வேண்டும். அது இல்லாதவர் கிலோவுக்கு ஆறு லிட்டருக்கு மேல் போகாமல் பார்த்துக்கொண்டால் பெரும்பாலான குழாய் நீரில் தப்பித்துவிடலாம். தனிப் பாத்திரம் இல்லாதவருக்கு மூன்றாவது சாடி வழி காட்டுகிறது: பெரிய பாத்திரத்தில் எக்ஸ்ட்ராக்டில் ஒரு பகுதியை முதலிலேயே கரைத்துவிட்டு அதில் தானியத்தை ஊறவைத்தால், எக்ஸ்ட்ராக்டின் அமிலத்தன்மை பிஎச்சைக் கீழே பிடித்துவைக்கும்.

அடுத்த முறை கிரிஸ்டல் 120ஐப் பாதியாகக் குறைக்கப் போகிறேன். அது தரும் உலர் திராட்சைச் சுவை இளம் பியரில் இதமாக இருந்தாலும், வாரங்கள் செல்லச்செல்ல மற்றச் சுவைகளை அமுக்கத் தொடங்குகிறது. சாக்லேட் மால்ட்டை மட்டும் பிரித்து, முதல் நாள் இரவே நான்கு மடங்கு குளிர்ந்த ஆர்ஓ நீரில் குளிர்பெட்டியில் ஊறவைத்து, வடித்த சாற்றைக் கொதியின் கடைசிப் பத்து நிமிடத்தில் சேர்த்துப் பார்க்க வேண்டும். குளிர்நீரில் வறுவலின் கடுமை குறைவாகவும் மணம் மென்மையாகவும் இறங்கும். சாறும் குறைவாகவே இறங்கும் என்பதால் 50 கிராமுக்குப் பதில் 80 கிராமிலிருந்து தொடங்குவேன். கிரிஸ்டலுக்கு அதே 2.5 லிட்டர், அதே 68 டிகிரி, அதே அரை மணி.